கிருமியா, மரபணுவா, நச்சா? உணவுப் பரிசோதனையில் பயோசென்சாரோடு முதல் மாதம்

2000ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் இருந்த ஒரு பால் பொருள் ஆலையில் சுமார் மூன்று மணி நேரம் மின்சாரம் போனது. நடுவழியில் நின்ற பால் வெதுவெதுப்பாகவே கிடந்தது. அந்த நேரத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா அதில் பெருகி, என்டரோடாக்சின் ஏ என்ற நச்சைச் சுரந்துவிட்டது. அப்புறம் வழக்கம்போலப் பாலைச் சூடாக்கினார்கள். பாக்டீரியா செத்தது, நச்சு அப்படியே இருந்தது. அந்தப் பால் பவுடராக மாறி, ஒசாகாவில் கொழுப்பு குறைந்த பாலில் கலந்து, ஜூன் மாத இறுதியில் 13,000க்கும் மேற்பட்டவர்களைப் படுக்க வைத்தது.

உயிருள்ள ஸ்டாஃபிலோகாக்கஸைத் தேடும் சென்சார் ஒன்றை அந்தப் பாலில் வைத்திருந்தால், அது எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் காட்டியிருக்கும். பொய்யும் சொல்லியிருக்காது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான்; கேள்விதான் தப்பு.

புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிடுவேன். ஏனென்றால் வருகிற எல்லோருக்கும் பயோசென்சார் என்ற கருவிமேல்தான் கண்; உயிர்ப் பொருள் ஒன்றை வைத்து இலக்கைப் பிடித்துச் சமிக்ஞை தரும் கருவி அது. நானோ துகளா, கிராஃபீனா, செல்போனில் படிக்கலாமா என்று கேட்பார்கள். எதைப் பிடிக்கப் போகிறோம் என்பதை யோசிப்பவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை, நுண்ணுயிரியல் ஆய்வக வசதி உள்ள இடத்தில் மேற்பார்வையோடு வேலை தொடங்கும் ஒருவருக்காக எழுதியது. வீட்டுச் சமையலறையில் செய்து பார்க்கிற வேலை இல்லை.

முதல் வேலை: ஒரு வரி எழுதுங்கள்

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள்: நான் தேடுவது பாக்டீரியாவின் உடலையா, நச்சை உண்டாக்கும் மரபணுவையா, நச்சையேவா?

பதில் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா மாறும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் நச்சு உணவிலேயே உருவாகிவிடும். கொதிக்க வைத்தாலும் பெரும்பகுதி தாக்குப்பிடிக்கும். ஆகவே சூடாக்கிப் பதப்படுத்திய உணவு உங்கள் முன்னால் இருந்தால் நச்சைத்தான் தேட வேண்டும். செல் எண்ணிக்கை ஓர் எச்சரிக்கை மணி மட்டுமே. ஐரோப்பிய ஒன்றிய விதிகளும் அப்படித்தான் போகின்றன: பாலாடைக்கட்டி, பால் பவுடர் போன்றவற்றில் இந்த வகைப் பாக்டீரியா கிராமுக்கு 1 லட்சத்தைத் தாண்டினால், அடுத்ததாக நச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாசில்லஸ் சீரியஸுக்கு இரண்டு முகம். வாந்தி உண்டாக்கும் செரூலைட் என்ற நச்சை அது உணவிலேயே சுரக்கும்; 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் அந்த நச்சு அசையாது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நச்சுகள் நேர்மாறு. 56 டிகிரியில் ஐந்து நிமிடத்திலேயே கெட்டுப்போகும். ஆனால் உயிரோடு உள்ளே போன பாக்டீரியா அவற்றைச் சிறுகுடலில் புதிதாகச் சுரக்கும். ஒரே பாக்டீரியாதான், ஆனால் முதல் வகைக்கு நச்சைத் தேட வேண்டும், இரண்டாவதற்குச் செல்லையோ மரபணுவையோ தேட வேண்டும்.

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவும், ஷிகா என்ற நச்சைச் சுரக்கும் ஈ.கோலையும் குடலுக்குள் போன பிறகே நச்சு வேலையைத் தொடங்குகின்றன. உணவில் நச்சைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். செல்லைத் தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு: குடலைத் தாக்கும் நச்சான என்டரோடாக்சினின் மரபணு எல்லா பெர்ஃபிரிஞ்சன்ஸிடமும் கிடையாது. ஈ.கோலையில் இன்னும் மோசம். பலரும் ஓ157 என்ற வகையைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தை வாங்கி வைத்துக்கொண்டு ‘ஷிகா நச்சு ஈ.கோலை சென்சார்’ என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். 2011இல் ஜெர்மனியில் முளைவிட்ட விதைகள் வழியாகப் பரவி 50க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது ஓ104 வகை. ஓ157 ஆன்டிபாடி அதைக் கண்டுகொண்டிருக்காது. ஓ26, ஓ103, ஓ111 என்று இன்னும் பல உண்டு. அந்த இடத்தில் ஷிகா நச்சின் மரபணுவைத் தேடுவதே பொருத்தம்.

கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் பற்றி ஒரே வரி: தொடாதீர்கள். அதற்கென்று அனுமதி பெற்ற ஆய்வகங்கள் உண்டு.

கருவிக்குள் என்ன இருக்கிறது

1962இல் லேலண்ட் கிளார்க்கும் அவருடைய சகாவும் ஆக்சிஜனை அளக்கும் எலக்ட்ரோடின் (மின்முனையின்) மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பொருத்தினார்கள். பயோசென்சாரின் கதை வழக்கமாக அங்கிருந்துதான் தொடங்கும். இன்றைய கருவிகளும் அதே கட்டமைப்புதான். பிடிக்கும் பகுதி ஒன்று. பிடித்ததைச் சமிக்ஞையாக மாற்றும் பகுதி ஒன்று. அதைப் படித்துக் காட்டும் பகுதி ஒன்று.

பிடிக்கும் பகுதியாக ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், இருக்கலாம். அப்டமர் எனப்படும் மடிந்த டிஎன்ஏ துண்டு, மரபணுவோடு ஜோடி சேரும் டிஎன்ஏ இழை, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ் ஆகியவையும் இருக்கலாம். மாற்றும் பகுதி மின்சாரமாகவோ, ஒளியாகவோ, எடையாகவோ வேலை செய்யும். புதியவர்களுக்கு நான் சொல்வது: ஆன்டிபாடியில் தொடங்குங்கள். அப்டமர் விலை மலிவு, சூட்டையும் தாங்கும். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் அழகாகப் பிடித்த அப்டமர் உணவுச் சாற்றில் கண்டதையும் பிடிக்கும்போது, தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க உங்களுக்கு இன்னும் அனுபவம் போதாது.

ஒளியா மின்சாரமா என்று தேர்ந்தெடுக்கும்போது பிடிபடும் பொருளின் அளவையும் பாருங்கள். ஒரு பாக்டீரியா சுமார் 1 மைக்ரோமீட்டர். ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு சில நானோமீட்டர்தான். எஸ்பிஆர் எனப்படும் ஒளிமுறை தங்கப் பரப்பிலிருந்து சில நூறு நானோமீட்டர் உயரம் வரைதான் ‘பார்க்கும்’. முழு பாக்டீரியா வந்து உட்கார்ந்தாலும் அதன் காலடி மட்டுமே அதற்குத் தெரியும். நச்சு மூலக்கூறு முழுசாகத் தெரியும்.

முதல் வாரம் எதையும் உருவாக்காமல், கடையில் வாங்கிய பட்டைச் சோதனை ஒன்றைப் பத்து முறை செய்து பாருங்கள். தங்க நானோ துகள்கள் சிவப்புக் கோடாக வரும் அந்தப் பட்டையும் ஒரு பயோசென்சார்தான். பட்டை ஒழுங்காக வேலை செய்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் சோதனை செல்லாது. குறிப்பில் சொன்ன நிமிடத்தில் படியுங்கள். அரை மணி கழித்து மங்கலாகத் தோன்றும் கோட்டுக்கு மதிப்பில்லை. சிறிய மூலக்கூறுகளுக்கான போட்டி முறைப் பட்டைகளில் கோடு மறைந்தால்தான் பாசிட்டிவ். இதைத் தலைகீழாகப் படித்தவர்கள் நிறைய.

ஒரு சொட்டின் கணக்கு

இந்தத் துறையின் உண்மையான சிரமம் சென்சாரில் இல்லை, மாதிரியில்தான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வழக்கமாக 25 கிராம் உணவை 225 மி.லி. ஊட்டக் கரைசலில் போட்டு, ஸ்டொமேக்கர் என்ற அடித்துக் கலக்கும் கருவியில் ஓரிரு நிமிடம் வைப்போம். மொத்தம் சுமார் 250 மி.லி. அந்த 25 கிராமில் பத்து ஈ.கோலை ஓ157 செல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோய் உண்டாக்க அவ்வளவே போதுமாக இருக்கலாம். உங்கள் எலக்ட்ரோடின்மேல் விடப்போவது 10 மைக்ரோலிட்டர் சொட்டு. 250 மி.லி.யில் அப்படிப்பட்ட சொட்டுகள் 25,000. செல்கள் பத்து. அதாவது 2,500 சொட்டுகளில் ஒன்றில்தான் ஒரு செல் இருக்கும். ஒற்றைச் செல்லைக்கூடத் தவறவிடாத சென்சார் உங்களிடம் இருந்தாலும், 2,499 முறை அது வெறும் தண்ணீரைத்தான் பார்க்கும்.

ஆகவே செல்களைப் பெருக்க வேண்டும். நல்ல சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஓ157க்கான ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) முறையில் 41.5 டிகிரியில் முதலில் 6 மணி நேரம் வளர்ப்பார்கள். உணவில் அடிபட்டுக் கிடந்த செல் உடனே பெருகத் தொடங்காது. முதல் 2 மணி நேரத்தைச் சோம்பல் காலமாகக் கழித்துவிடுங்கள். மீதி 4 மணி நேரத்தில் 12 இரட்டிப்பு: 4,096 மடங்கு. பத்து செல் சுமார் 41,000 ஆகியிருக்கும். மி.லி.க்கு 164. உங்கள் சொட்டில்? ஒன்றரை செல். ஆறு மணி நேரம் காத்திருந்தும் அவ்வளவுதான். இன்னும் 2 மணி நேரம் விட்டால் அதே சொட்டில் நூறு செல் வந்துவிடும். கூடுதலாக விடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எட்டு மடங்கு.

காத்திருக்க முடியாதவர்களுக்குக் காந்த மணிகள் உண்டு. ஆன்டிபாடி பூசிய, 1 முதல் 3 மைக்ரோமீட்டர் வரை இருக்கும் மணிகளை 10 மி.லி. கரைசலில் போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். அரை மணியில் குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் பழுப்பு நிறப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலம் கலையாமல் திரவத்தை உறிஞ்சி எடுக்கும் கைப்பழக்கம் வர நாலைந்து நாளாகும். பைப்பெட் முனையைக் காந்தத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரில் வைத்து, அவசரப்படாமல் இழுங்கள். பிறகு பி.ஹெச். மாறாமல் வைத்திருக்கும் பஃபர் கரைசல் 100 மைக்ரோலிட்டரில் மறுபடி கலக்கினால் நூறு மடங்கு செறிவு. பாதி செல்தான் பிடிபட்டது என்றாலும் அந்த ஆறு மணி நேரக் கரைசலிலிருந்து உங்கள் சொட்டுக்கு 80 செல் கிடைத்துவிடும்.

விளம்பரங்களில் வரும் ‘பத்து நிமிடத்தில் முடிவு’ என்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் குறிப்பது. அதைக் குறை சொல்லவில்லை. மூன்று நாள் ஆகும் வேலை ஒரு பகலில் முடிகிறதென்றால் பெரிய விஷயம்தான். ஆனால் மொத்த நேரத்தை எழுதாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

சரி, நச்சைத் தேடுகிறவர்கள்? அவர்கள் பெருக்கவே கூடாது. உணவில் ஒன்றிரண்டு ஸ்டாஃபிலோகாக்கஸ் இருந்து, நச்சு துளியும் இல்லாமல் இருக்கலாம். அதை நீங்கள் இன்குபேட்டரில் ஓர் இரவு வைத்தால் காலையில் நச்சு இருக்கும். அதைச் சுரக்க வைத்தது நீங்கள். நச்சுச் சோதனையில் சாறு எடுப்பது முதல் கடைசி வரை மாதிரி குளிர்ச்சியாகவே இருக்கட்டும். செறிவு கூட்ட வேறு வழி உண்டு: சாற்றை டயாலிசிஸ் பையில் ஊற்றி, பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் மூழ்க வைத்தால் தண்ணீர் வெளியேறி நச்சு உள்ளே தங்கும். இந்த அளவுக்கு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் சொன்ன ஒசாகா பாலில் இருந்த நச்சு, மி.லி.க்கு 1 நானோகிராம்கூட இல்லை.

கொழுப்புள்ள உணவென்றால் குளிர வைத்துச் சுழற்றி மேலே திரளும் படலத்தை நீக்கிவிடுங்கள். அமிலமான உணவென்றால் பி.ஹெச். அளவை 7 பக்கம் கொண்டு வாருங்கள்.

பாதுகாப்பு, சுருக்கமாக

பயிற்சிக்கு வெப்பத்தால் கொன்ற செல்களையோ, நோய் உண்டாக்காத ஈ.கோலை கே-12 வகையையோ பயன்படுத்துங்கள். உயிருள்ள நோய்க்கிருமி என்றால் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம், கையுறை, பாதுகாப்பு கேபினட் கட்டாயம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். செல் சாகும். செரூலைட் 121 டிகிரியைப் பொறுத்துக்கொள்ளும் என்று மேலே பார்த்தோம். நச்சுக் கழிவுக்கு உங்கள் ஆய்வகம் வகுத்த ரசாயனச் சுத்திகரிப்பு எது என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரோடைத் தயார் செய்தல்

அச்சடித்த தங்க எலக்ட்ரோடை எடுத்துக்கொள்வோம். அதில் அளவீட்டுக்கு வேண்டிய மூன்று மின்முனைகளும் ஒரே பட்டையில் இருக்கும். நடுவில் வட்டமான தங்கப் புள்ளிதான் உங்கள் களம். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, எத்தனாலிலும் பிறகு சுத்த நீரிலும் கழுவுங்கள்.

முதலில் வெறும் எலக்ட்ரோடை அளந்து பாருங்கள். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபெர்ரோசயனைடும் தலா 5 மில்லிமோலார் கலந்த மஞ்சள் கரைசலை ஒரு சொட்டு விட்டு, மின்னழுத்தத்தை மேலும் கீழும் ஓட்டினால் வாத்து வடிவில் ஒரு வளைவு வரும். மேடும் பள்ளமும் கூர்மையாக, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் பரப்பு சுத்தம். கோட்பாட்டில் இடைவெளி 59 மில்லிவோல்ட்; அச்சடித்த எலக்ட்ரோடில் அதைவிட அதிகமாகத்தான் வரும். உங்கள் தொகுப்பில் எவ்வளவு வருகிறது என்று பத்து எலக்ட்ரோடுகளில் பார்த்து, வெகுவாக விலகி நிற்பவற்றை ஒதுக்குங்கள்.

அடுத்து, ஒரு முனையில் கந்தகமும் மறுமுனையில் கார்பாக்சிலும் உள்ள தயால் மூலக்கூறை எத்தனாலில் கரைத்து ஓர் இரவு மூடி வையுங்கள். கந்தகம் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். கார்பாக்சில் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். காலையில் எத்தனாலில் கழுவிவிட்டு, இடிசி, என்ஹெச்எஸ் என்ற இரண்டு ரசாயனங்களைக் கலந்து 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். இவை கார்பாக்சிலை ஆன்டிபாடியின் அமீன் தொகுதியோடு பிணையத் தயாராக்கும். இடிசி தண்ணீரில் வேகமாகச் சிதையும். காலையில் கரைத்து வைத்துவிட்டு மதியம் பயன்படுத்தினால், நீங்கள் ஊற்றுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறங்கள். இல்லாவிட்டால் ஈரம் கோத்துப் பவுடர் கட்டியாகிவிடும்.

இந்தப் படியில் எந்தப் பஃபர் என்பது முக்கியம். டிரிஸ் பஃபர் வேண்டவே வேண்டாம். அதிலேயே அமீன் இருக்கிறது. ஆன்டிபாடிக்கு முன்னால் அது போய் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நான் இப்படி ஒரு முழுத் தொகுப்பைப் பாழாக்கியிருக்கிறேன். ஆன்டிபாடி வந்த குப்பியிலேயே டிரிஸோ கிளைசினோ கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் குப்பியோடு வரும் தாளைப் படித்துவிட்டு, தேவையானால் பஃபரை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆன்டிபாடியை மி.லி.க்கு 10 முதல் 100 மைக்ரோகிராம் அளவில், பி.ஹெச். 7.4 உள்ள பாஸ்பேட் பஃபரில் கரைத்து, தங்கப் புள்ளியின்மேல் விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் வைக்கவும். சொட்டு காயக் கூடாது. பெட்ரி தட்டில் ஈரத் தாளை வைத்து, அதற்குள் எலக்ட்ரோடை வைத்து மூடினால் போதும். பிறகு காலியாக மிஞ்சிய இடங்களை எத்தனாலமீனும் 1 சதவீத பிஎஸ்ஏ புரதமும் கொண்டு அடைக்க வேண்டும். ட்வீன் 20 என்ற சோப்பு போன்ற பொருளை 0.05 சதவீதம் கலந்த பஃபரில் மூன்று முறை கழுவுங்கள்.

ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் அதே மஞ்சள் கரைசலை வைத்து மின்மறுப்பை அளந்து குறித்து வையுங்கள். பரப்பின்மேல் பொருள் சேரச் சேர, ஃபெர்ரிசயனைடு தங்கத்தை எட்டுவது கடினமாகும்; வாசலில் கூட்டம் கூடினால் உள்ளே போக நேரமாவதுபோல. பாக்டீரியா வந்து உட்கார்ந்தால் இன்னும் கூடும். அந்தக் கூடுதல்தான் உங்கள் சமிக்ஞை. ஆனால் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று இந்த முறைக்குத் தெரியாது. பால் புரதம் ஒட்டினாலும் எண் ஏறும். சுத்தமான பஃபரில் விளையாட இது அருமையான முறை. உணவுச் சாற்றுக்கு, நொதி ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடியை மேலே விட்டு, இரண்டு ஆன்டிபாடிக்கும் இடையே இலக்கை மாட்ட வைக்கும் ‘சாண்ட்விச்’ முறைக்கே என் ஓட்டு. செரூலைட் போன்ற குட்டி நச்சுக்கு மட்டும் இது ஆகாது. இரண்டு ஆன்டிபாடி உட்கார அதில் இடமில்லை.

எல்லாமே பாசிட்டிவாக வந்த வாரம்

என்டரோடாக்சின் பி-க்கு நான் முதலில் செய்த சாண்ட்விச் சென்சார், நச்சை வைத்தால் அழகாகச் சமிக்ஞை கொடுத்தது. அந்த நச்சின் மரபணுவே இல்லாத ஸ்டாஃபிலோகாக்கஸ் வகையின் வளர்ப்புச் சாற்றை வைத்தேன். அதற்கும் கொடுத்தது. இன்னும் பலமாக. திங்களன்று கழுவும் எண்ணிக்கையைக் கூட்டினேன். செவ்வாயன்று பிஎஸ்ஏ அளவைக் கூட்டினேன். புதனன்று புது எலக்ட்ரோடு பெட்டியைத் திறந்தேன். வியாழன் மாலை பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “ஆன்டிபாடி எந்த விலங்கோடது?”

“முயல், அக்கா.”

“ஸ்டாஃப்மேல புரோட்டீன் ஏ இருக்குமே, மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் மேற்பரப்பில் இருக்கும் புரோட்டீன் ஏ, ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். முயலின் ஆன்டிபாடியை இறுக்கமாகவே பிடிக்கும். வளர்ப்புச் சாற்றிலும் அது கலந்திருக்கும். என் சென்சார் நச்சைப் பிடிக்கவில்லை. புரோட்டீன் ஏ என் ஆன்டிபாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் இலக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத முயல் ஆன்டிபாடியை எலக்ட்ரோடில் ஏற்றிப் பார்த்தேன். அதே சமிக்ஞை. பிறகு கோழி முட்டையிலிருந்து எடுக்கும் ஆன்டிபாடிக்கு மாறினேன். புரோட்டீன் ஏ அதைச் சீண்டுவதில்லை.

அந்தச் சம்பந்தமில்லாத ஆன்டிபாடி எலக்ட்ரோடு இப்போது என் ஒவ்வொரு ஓட்டத்திலும் உண்டு. அதோடு வெறும் பஃபர் ஒன்று, இலக்கு இல்லாத அதே உணவின் சாறு ஒன்று, தெரிந்த அளவு இலக்கைச் சேர்த்த சாறு ஒன்று, நெருங்கிய உறவுடைய வேறொரு பாக்டீரியா ஒன்று. ஐந்து எலக்ட்ரோடு செலவாகிறதே என்று தோன்றும். ஒரு வாரம் செலவாவதைவிட மேல்.

இன்னும் சில பொறிகள். பாலில் இயற்கையாகவே பெராக்ஸிடேஸ் நொதி உண்டு. உங்கள் இரண்டாவது ஆன்டிபாடியில் ஒட்டியிருப்பதும் பெராக்ஸிடேஸ் என்றால் பொய்ச் சமிக்ஞை வரும். மாறாக, கெடாமல் இருக்க ஆன்டிபாடியில் சேர்க்கும் சோடியம் அசைடு அந்த நொதியை முடக்கிச் சமிக்ஞையை விழுங்கும். சாண்ட்விச் முறையில் இலக்கு அளவுக்கு மீறி இருந்தாலும் சமிக்ஞை குறையும். இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனி இலக்குகளைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று சேராமல் போய்விடும். சந்தேகமான மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்தும் ஒருமுறை ஓட்டுங்கள். நீர்த்ததில் சமிக்ஞை ஏறினால் விஷயம் இதுதான்.

அளவுகோல் வரைதல்

பத்து பத்து மடங்காக நீர்த்த வரிசையைத் தயாரித்து, ஒவ்வொன்றையும் மூன்று எலக்ட்ரோடில் அளந்து, செறிவின் மடக்கைக்கு எதிராகச் சமிக்ஞையை வரையுங்கள். இந்த வரிசையைப் பஃபரில் செய்யாமல், இலக்கு இல்லாத உணவுச் சாற்றில் செய்யுங்கள். செல் எண்ணிக்கையைக் கலங்கல் அளவை வைத்து ஊகிக்காமல், அகார் தட்டில் பரப்பி, 30 முதல் 300 காலனி வரும் தட்டை எண்ணி உறுதி செய்யுங்கள். கலங்கலுக்குச் செத்த செல்லும் ஒன்றுதான், உயிருள்ள செல்லும் ஒன்றுதான்.

கண்டறியும் எல்லைக்கு, இலக்கு இல்லாத சாற்றைக் குறைந்தது பத்து எலக்ட்ரோடில் அளங்கள். சராசரி 4.0, திட்ட விலக்கம் 0.5 என்று வந்தால், 4.0 + (3 × 0.5) = 5.5. அதற்குக் கீழே வரும் எதையும் ‘பிடித்தேன்’ என்று சொல்ல முடியாது. அளவைச் சொல்ல வேண்டுமென்றால் 10 மடங்கு விலக்கம், அதாவது 9.0 தாண்ட வேண்டும். புதியவர்கள் மூன்று வெற்று மாதிரியை மட்டும் அளந்து, தற்செயலாக வந்த சின்ன விலக்கத்தை வைத்து அபாரமான எல்லையைக் கணக்கிட்டு மகிழ்வதைப் பார்த்திருக்கிறேன். பின்னொரு நாள் பத்து அளந்தால் அந்த மகிழ்ச்சி போய்விடும்.

தெரிந்த அளவைச் சேர்த்துத் திரும்ப அளக்கும்போது 80 முதல் 120 சதவீதம் வரை கிடைத்தால் நிம்மதியாக இருக்கலாம்.

முடிவை எழுதும்போது

சென்சார் பாசிட்டிவ் காட்டினால் அது ‘உத்தேச பாசிட்டிவ்’. அதே மாதிரியிலிருந்து வழக்கமான வளர்ப்பு முறையோ, மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரோ செய்து உறுதிப்படுத்தும் வரை அந்தச் சொல்லை மாற்றாதீர்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்றால் பெயர்ட்-பார்க்கர் அகாரில் 37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம். நச்சென்றால் ஐஎஸ்ஓ 19020. புது முறையொன்றை மற்ற ஆய்வகங்களும் ஏற்க வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 16140 வரிசையின்படி பழைய முறையோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அது ஒரு மாதத்தில் முடியும் வேலை இல்லை, இப்போதைக்கு அதை விடுங்கள்.

நெகட்டிவ் என்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டாம். எதை, எவ்வளவு உணவில், எந்த எல்லை வரை தேடினீர்கள் என்று எழுதுங்கள்: ‘25 கிராம் மாதிரியில், 8 மணி நேரம் பெருக்கிய பின், ஈ.கோலை ஓ157 கண்டறியப்படவில்லை.’ நச்சென்றால் ‘என்டரோடாக்சின் பி, கிராமுக்கு இத்தனை நானோகிராம் எல்லைக்குள் கண்டறியப்படவில்லை, ஏ, சி, டி சோதிக்கப்படவில்லை.’ அந்தக் கடைசித் துண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒசாகா பாலில் இருந்தது ஏ.

எழுதி முடித்ததும், மாதிரியில் மீந்ததைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பாதியைக் குளிர்பெட்டியிலும் பாதியை உறைநிலையிலும், தேதியும் மாதிரி எண்ணும் ஒட்டி வையுங்கள். உறுதிப்படுத்தும் முடிவு வரும் நாளில், பெரும்பாலும், யாராவது அதைத் திரும்பக் கேட்பார்கள்.